நாரிஸ் பெருமகனார் வரலாறு

ஒரு வினையின் பயனைத் தாம் நுகர்தல் கருதாது, செய்யத்தக்கது என்பதொன்றே கருதிச் செய்வார் எந்நாட்டினும் அரியர். அன்னாருள் ஒருவராய், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாட்டுப்புற வழக்கறிஞராயிருந்து, பின்னர் அந்நாட்டுச் சட்டமன்றத்தில் நாற்பதாண்டு தொண்டாற்றிய ஜார்ஜ் நாரிஸ் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1861-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒஹாயோ மாகாணத்தில் ஓர் எளிய உழவர் குடியிற் பிறந்தார். மூன்று வயதிலே தந்தையை இழந்தார். உள்நாட்டுப் போரிற் பட்ட புண்ணால் தமையனும் மாண்டார். குடும்பப் பாரம் முழுதும் அன்னையார்மேல் வீழ்ந்தது. ஒருநாள் அவ்வம்மையார் உழைத்துக் களைத்த பின்னும் குழி தோண்டி ஒரு கனிமரக் கன்றை நட்டனர். அதன் கனி அவருக்குக் கிட்டுமோ என்று மைந்தர் வினவ, தமக்குக் கிட்டாவிடினும் பிறர் யார்க்கேனும் கிட்டும் என்று அவர் விடையிறுத்தார். அம்மறுமொழியை நாரிஸ் முதுமையினும் மறந்திலர்.

வயல்வேலை செய்தும் பள்ளியிற் கற்பித்தும் பொருளீட்டி, 1883-இல் சட்டக் கல்வி முற்றுவித்த இவர், 1885-இல் நெப்ராஸ்கா மாகாணத்துப் பீவர் சிட்டி என்னும் சிற்றூரில் வழக்கறிஞராய் அமர்ந்தார். பின்னர் மழை பொய்த்து விளைவு குன்ற, உழவர் நிலங்கள் அடைமானத்தில் மூழ்கின. 1895-இல் மாவட்ட நீதிபதியான நாரிஸ், கடனீந்தோர் உரிமையை மறாமலே, கடனிறுக்க வல்ல உழவர்க்குத் தவணை அளித்து அவர்தம் நிலத்தைக் காத்தார்.

1903-இல் குடியரசுக் கட்சியினராய்ப் பிரதிநிதிகள் சபையுட் புகுந்தார். ஆண்டு அவைத்தலைவராயிருந்த கானன் என்பார், உறுப்பினரைக் குழுக்களில் அமர்த்தலும் மசோதாக்களை வேண்டியவாறு நிறுத்தலும் தம் கைக்கொண்டிருந்தார். கானன் தம் கட்சித் தலைவரேயாயினும், 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாரிஸ் ஒரு தீர்மானம் கொணர்ந்து, இரவும் பகலும் நடந்த வாதத்தின் முடிவில் வென்று, விதிக்குழுவினின்றும் அவரை விலக்கினார்.

1913-இல் செனட் சபை உறுப்பினரானார். 1917-இல் வணிகக் கப்பல்களுக்குப் படைக்கலம் பூட்டும் மசோதாவைத் தடுத்து நின்றமையால் நாடெங்கணும் பழிக்கப்பட்டார். தம்மைத் திருப்பியழைக்கும் வாக்கெடுப்புக்கும் உடன்படுவதாக அறிவித்துத் தம் மாகாணத்துக்குச் சென்று, மக்கள் முன் நின்று காரணம் விளக்கினார். கேட்டோர் ஆரவாரித்து ஏற்றனர். அடுத்த ஏப்ரலில் போர்த் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஆறு செனட் உறுப்பினருள் இவரும் ஒருவர்.

இவர் செயல்களுள் தலையாயது டென்னசி ஆற்றுத் திட்டமாம். போர்க்காலத்தே மசில் ஷோல்சில் அரசினர் தொடங்கிய அணையைத் தனியார்க்கு விற்க முயன்ற காலை, ஆற்றின் ஆற்றல் பொதுமக்கட்கே உரித்தென இவர் வாதித்தார். இவரது மசோதா 1928-இல் கூலிட்ஜாலும், 1931-இல் ஹூவராலும் மறுக்கப்பட்டது. மூன்றாம் முறையாக 1933-இல் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்டார். 1936-இல் நிறைவேறிய நாட்டுப்புற மின்சாரச் சட்டத்தையும் இவரே செனட்டில் முன்னின்று நடத்தினார். அக்காலத்துப் பண்ணைகளுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு மின்விளக்கறியாதன. தொழிலாளர் உரிமை காக்கும் 1932-ஆம் ஆண்டுச் சட்டமும், தேர்தலில் தோற்றோர் நெடுநாள் அவையிலிருந்து சட்டம் செய்தலைத் தவிர்த்த 1933-ஆம் ஆண்டு அரசியற் றிருத்தமும் இவரது முயற்சியின் விளைவுகளே.

ஈண்டு ஒன்று மறைத்தல் தகாது. இவர் பெயர் பூண்ட நாரிஸ் அணை 1936-இல் முற்றுப்பெற்ற பொழுது, அதன் நீர்ப்பரப்பின் பொருட்டு ஏறத்தாழ 3,000 குடும்பத்தினர் குடிபெயர நேர்ந்தது. உழவர் நிலம் பறிபோகாவாறு காத்த நீதிபதியின் பெயரணை, உழவர் பலரை நிலத்தினின்றும் எழுப்பியது. பலர்க்கு நலஞ்செய்யும் வினையும் சிலர்க்கு இடர் தருதல் உலகியல்பு. ஆயினும் அவ்விடரைக் கணக்கிற் கொள்ளாது நலத்தை மட்டும் புகழ்தல் நடுவுநிலை அன்று.

1942-ஆம் ஆண்டுத் தேர்தலில் நெப்ராஸ்கா மக்களே இவரைக் கைவிட்டனர். மக்குக் என்னும் தம் ஊர்க்குத் திரும்பி, 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் உயிர் நீத்தார். இவர் ஏற்றுவித்த மின்னொளி நாட்டுப்புறமெங்கும் பரவி முற்றுங்காலத்து இவர் பதவியில் இலர். அன்னை நட்ட மரத்தின் கனியைப் பிறர் உண்டாற்போல, மைந்தர் நட்டதன் பயனையும் பிறரே எய்தினர். தந்நலம் ஒழித்த தொண்டின் இயல்பு இதுவேயாம் என்பதை அறிஞர் ஓர்ந்து கொள்வாராக.