மானிப்பாயில் தமிழில் பேசிய வைத்தியம்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு ஏழு வயது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு தங்கினோம். மாரிகாலம். அத்தனை சனத்துக்கும் ஒரு கிணறு, இரண்டு மலசலகூடங்கள். தம்பிக்கு வயிற்றோட்டம் தொடங்கி, இரண்டாம் நாளே கண்கள் உள்ளே போய்விட்டன.

அவனைக் காப்பாற்றியது டொக்டர் இல்லை. எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு மிட்வைவ் அன்ரி. கொதித்தாறிய தண்ணீரில் உப்பையும் சீனியையும் அளந்து கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கும் விதத்தை அம்மாவுக்குக் காட்டினார். பிறகு ஒவ்வொரு வகுப்பறையாகப் போய், ஏன் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று தாய்மாருக்கு விளங்கப்படுத்தினார். அவர் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு. விளங்காத சொல் ஒன்றும் அதில் இருக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் கதையைத் தேடியபோது அந்த அன்ரி எனக்குத் திரும்பவும் நினைவுக்கு வந்தார். அவர் செய்ததைப் போன்ற வேலைக்கு எங்கள் மண்ணில் அத்திவாரம் போட்டவர்களில் ஒருவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்தார். அமெரிக்க மிஷன் ஊழியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25. முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். அடுத்த வருடமே மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கி, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். மதம் பரப்புவதும் அவருடைய நோக்கம்தான். அதை அவர் மறைக்கவில்லை, நாமும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் விட்டுப்போனது அதைவிடப் பெரியது.

அந்தக் காலத்தில் கொலரா யாழ்ப்பாணத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. ஒரு டொக்டர் எத்தனை வீட்டுக்குப் போவார்? நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பது மட்டும் காணாது, வராமல் காக்கும் அறிவு வீட்டுக்குள் போக வேண்டும். 1852 இல் வெளிவந்த கிறீனின் முதல் பெரிய தமிழ் மருத்துவ நூலின் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். அங்காதிபாதம் என்பது உடலின் அமைப்பு, சுகரணவாதம் அது இயங்கும் விதம், உற்பாலனம் நோய் அணுகாமல் உடலைப் பேணுவது. கட்டர் என்ற அமெரிக்கர் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. கொலரா தண்ணீரால் பரவுகிறது என்பதை லண்டனில் ஜோன் ஸ்னோ ஒரு தெருக்குழாயை வைத்துக் காட்டியது 1854 இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே சுகாதாரம் என்ற பாடம் தமிழில் அச்சாகியிருந்தது.

1857 இல் பிரசவ வைத்தியம் வந்தது. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் தாதியர் பாடசாலை லண்டனில் தொடங்கியதே 1860 இல்தான்.

உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்பிய கிறீன், 1862 இல் மனைவி மார்கரெட்டுடன் மீண்டும் வந்தார். அதன் பிறகுதான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிவை எடுத்தார். அதுவரை ஆங்கிலத்தில் படித்த அவருடைய மாணவர்கள் பலர் ஊரில் நிற்கவில்லை. உத்தியோகம் தேடிச் சிதறிப் போனார்கள். தமிழில் படித்தவர்கள் தங்கள் ஊரிலேயே தங்கி, அங்குள்ள சனத்தைப் பார்ப்பார்கள் என்று கிறீன் கணக்குப் போட்டார். 1864 இல் மருத்துவ வகுப்பை முழுக்கத் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் படித்து வெளியேறிய 62 பேரில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

அதற்குப் புத்தகம் வேண்டும். 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்று அடுத்தடுத்து வந்தன. மொழிபெயர்ப்பில் டான்போர்த், சப்மன் போன்ற மாணவர்கள் கைகொடுத்தார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மிஷன் பள்ளிகளில் அமெரிக்கப் புரவலர்களின் பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாணத் தமிழர்கள் அவர்கள்.

1873 இல் கிறீன் நாடு திரும்பினார். பிறகு வரவே இல்லை. ஆனால் வேலையை விடவில்லை. கெமிஸ்தம் 1875 இலும் மனுஷ சுகரணம் 1883 இலும் வெளியாகின. 1884 மே மாதம் வூஸ்ரரில் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருளில்தான் அவருடைய கல்லறையில் எழுதியிருக்கிறது.

அவருக்குப் பிறகு தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகமும் அந்த வழியால்தான் வந்தது. அந்தப் புத்தகங்கள் பழைய நூலகங்களின் அலுமாரிக்குள் போயின.

போன வருடம் அம்மாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துண்டில் எழுதியது அவருக்கு விளங்கவில்லை. கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. இரண்டு கிழமையாக ஒரு குளிசையை நேரம் மாறிப் போட்டிருக்கிறார். எங்கள் முகாமில் இருந்த தாய்மாருக்கு அந்த நிலை வரவில்லை. கட்டடமும் கட்டிலும் மருந்தும் இல்லாத அந்த இடத்தில் சுகாதாரம் மட்டும் இருந்தது. ஊரோடு ஊராக நடந்து வந்த ஒருத்தி அதை எங்கள் மொழியில் வைத்திருந்தார்.

போருக்குப் பிறகு கட்டடங்கள் எழும்புகின்றன, கருவிகளும் வருகின்றன. அவை வேண்டும்தான். ஆனால் ஊரிலேயே நின்று, ஊர்ப் பேச்சில் விளங்கப்படுத்துகிற ஒரு தாதியும் ஒரு மருத்துவமாதும் ஒவ்வொரு கிராமத்துக்கும் வேண்டும். 1864 இல் மானிப்பாயில் போட்ட அந்தக் கணக்கு இன்னும் பிழைக்கவில்லை.

தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த அன்ரியின் பெயர் அம்மாவுக்குக்கூட நினைவில் இல்லை.