குயவர் பாலிஸி

விடாமுயற்சியைப் பற்றிப் பேசப் புகுவோர் பிரெஞ்சு தேசத்துக் குயவரான பெர்னார்ட் பாலிஸியின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. சூளைக்கு விறகு தீர்ந்துபோகவே, வீட்டு மேஜைகளையும் தரைப்பலகைகளையும் பெயர்த்து நெருப்பிலிட்டார் என்னும் கதை உலகப் பிரசித்தம். 1580-ல் வெளியிட்ட நூலில் அவரே அதை எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் அவருடைய பெருமை அவ்வளவில் அடங்கிவிட்டதென நாம் கருதவில்லை.

சுமார் 1510-ல் பிறந்த பாலிஸி, கண்ணாடியில் சித்திரம் தீட்டுவதையும் நிலம் அளப்பதையும் தொழிலாகக் கொண்டவர். 1539-ஐ ஒட்டி மேற்குப் பிரான்ஸிலுள்ள ஸேந்த் நகரில் குடியேறினார். வெண்மெருகு பூசிய மண்கிண்ணம் ஒன்றைக் காண நேர்ந்ததும் அதன் எழில் அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. களிமண்ணின் குணம் அவருக்குத் தெரியாது, கற்பிப்பாரும் இல்லை. அகப்பட்ட பொருள்களையெல்லாம் இடித்துப் பொடித்து, பானையோடுகளின்மேல் பூசிச் சுட்டுப் பார்த்தார். உப்பு வரி விதிக்க வந்த அதிகாரிகளுக்காக 1543-ல் கடற்கரை உப்பளங்களை அளந்து கொடுத்தார். அதில் கிடைத்த பணமும் சூளைக்கே போயிற்று. உதவிக்கு வைத்திருந்த குயவனுக்குக் கூலியாகத் தம் ஆடைகளையே கொடுத்தார். அயலார் அவரைப் பித்தர் என்றனர். கள்ளநாணயம் அடிப்பவரென்றும் பழித்தனர்.

ஒருமுறை, சூளை கட்டிய சாந்தில் கலந்திருந்த கற்கள் வெப்பத்தால் வெடித்துச் சிதறி, உருகிய மெருகில் ஒட்டிக்கொண்டன. மற்றபடி கலங்கள் நன்றாகவே வெந்திருந்தன. மலிந்த விலைக்கு வாங்க ஆட்களும் வந்தனர். கடன்காரர்களோ அந்தச் சூளையையே நம்பியிருந்தனர். அந்நிலையிலும் பாலிஸி அவ்வளவையும் உடைத்தெறிந்தார். பழுதுற்ற சரக்கு தம் பெயரால் வெளியே போவதை அவர் சகிக்கவில்லை. மேஜையை எரித்த செயலினும் இதுவே அரிய செயலென்பது நம் அபிப்பிராயம்.

சுமார் 16 ஆண்டு உழைப்பின் முடிவில் அவர் புகழ்பெற்றது அந்த வெண்கிண்ணத்தின் பிரதியால் அன்று. நிலம் அளக்கையில் கண்ட சதுப்பும் ஓடையுமே அவருடைய கலைக்குப் பொருளாயின. பாம்பு, பல்லி, தவளை, மீன், நத்தை, இலை ஆகியவற்றை அச்செடுத்து, பெருந்தட்டுகளில் உயிருடன் ஊர்வனபோல் அமைத்தார். காரீய மெருகில் தாம்பிரம் பச்சையையும், கோபால்ட்டு நீலத்தையும், இரும்பு மஞ்சளையும் பழுப்பையும் தரும். ஆனால் எல்லா நிறமும் ஒரே வெப்பத்தில் உருகுவதில்லை. பாம்பின் நிறம் உருகுமுன் பல்லியின் பச்சை கருகிவிடும். யாவும் ஒருங்கே உருகும்படி அவற்றை இணக்குவதற்கே பல ஆண்டுகள் கழிந்தன.

பின்னர் தளபதி மோன்மோரான்ஸியின் ஆதரவும், ராஜமாதா கேத்தரினின் ஆதரவும் கிட்டின. பாரிஸில் ராணியின் துயிலெரி தோட்டத்தில் அவர் வேலை செய்த இடத்தை 1980-களில் அகழ்ந்தபோது அச்சுகளும் கலத்துண்டுகளும் வெளிப்பட்டன. லத்தீனும் கிரேக்கமும் அறியாத அவர், 1575 முதல் கற்றோர் சபையில் இயற்கை நூலைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். ஊற்றுநீர் மழையால் வருவதே என்றும், பாறையிலுள்ள சிப்பிகள் ஒருகால் உயிர்வாழ்ந்தவையே என்றும் எடுத்துரைத்தார்.

பாலிஸி புராட்டஸ்டண்டு மதத்தினர். அக்காரணத்தால் 1560-களில் சிறைப்பட்டபோது பிரபுக்களின் தயவால் தப்பினார். முதுமையில் மீண்டும் பிடிபட்டு பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டார். தம் சமயத்தைக் கைவிடாமலே, 1590-ஐ ஒட்டி அங்கேயே உயிர்நீத்தார்.

வயிறு பசித்திருக்கையில் பழுதுற்ற கலத்தை விற்க மறுத்தவர், சிறையில் வாடுகையில் தமக்குப் பொய்யென்று தோன்றியதை ஒப்ப மறுத்ததில் வியப்பில்லை. உறுதி என்பது நெருக்கடி வேளையில் திடீரென வந்து சேர்வதன்று. அன்றாடத் தொழிலில் பழகிப் பெறுவது. பொதுக் காரியத்தில் இறங்கியவர்கள் பாலிஸியின் சரித்திரத்தைப் படிக்கும்போது, எரிந்த மேஜையோடு உடைந்த கலங்களையும் நினைவிற் கொள்வார்களாக.