கோபுரங்களைப் படம் பிடித்த காப்டன் டிரைப்

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்கள், மதுரைக் கோபுரத்தையோ தஞ்சைப் பெரிய கோயிலையோ படமாக்கிக் கொண்டு வராமல் இருப்பதில்லை. காலனியில் வீட்டுக்கு வீடு அப்படங்கள் காட்டப்படுகின்றன. விரலால் ஒரு தொடுதல்; படம் முடிந்துவிடுகிறது. அதே கோயில்களின் முன் 1858-ஆம் ஆண்டில் மரப்பெட்டியையும் மெழுகுத் தாளையும் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் உழைத்தார் ஓர் ஆங்கிலப் படை அதிகாரி. லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். தாவரங்களை வகைப்படுத்திய பேரறிஞரின் பெயர் இவருக்கு வாய்த்தது பொருத்தமே. எதையும் வரிசைப்படுத்தி, அளவறிந்து பதிவு செய்யும் குணம் இவரிடமும் இருந்தது.

டிரைப் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். பதினேழு வயது நிரம்பும் முன்னரே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். முதல் பத்தாண்டுகளில் குறிப்பிடத்தக்க செய்தி எதுவுமில்லை. நீண்ட விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோதுதான் புகைப்படக் கலை அவரை ஆட்கொண்டது. 1853-இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டு பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குச் சென்று ஹொய்சளச் சிற்பங்களைப் படம் எடுத்தார். 1855-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவை வைக்கப்பட்டுப் பரிசும் பெற்றன.

அதே ஆண்டு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். குழுவின் தலைவர் ஆர்தர் பேர். செயலாளர் ஹென்றி யூல். படம் எடுக்கும் பொறுப்பு டிரைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐராவதி ஆற்றின் வழியே சென்ற அப்பயணத்தில் மழையும் நோயும் அவரை விடவில்லை. எனினும் பாகன் நகரத்துப் பழம்பெரும் பௌத்தக் கோயில்களையும் அமரபுரத் தலைநகரையும் பதிவு செய்து திரும்பினார். அவற்றுள் 120 காட்சிகளைத் தேர்ந்து, பெங்களூரில் அமர்ந்து ஐம்பது தொகுப்புகள் அச்சிட்டார். ஆறாயிரம் அச்சுகள்! ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துக் கையால் பதப்படுத்தப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் மலைப்பு உண்டாகும்.

இதன் பயனாகச் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மாகாணத்தின் பழைய கட்டடங்கள் நாளுக்கு நாள் அழிந்து வருகின்றன. ஓவியர் வரைவதைவிடக் கருவி எடுக்கும் படமே நம்பத்தக்க சான்று என்பது அரசாங்கத்தின் கருத்து. 1857 டிசம்பரில், வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி ஓயாதிருந்த வேளையில், டிரைப் மாட்டு வண்டிகளில் கருவிகளையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். ராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை, திருவையாறு எனச் சில மாதங்கள் சுற்றினார். உடன் சென்று உழைத்த வண்டிக்காரர், சுமைகாரர் ஆகியோரின் பெயர்களை அவருடைய ஆல்பங்கள் தாங்கவில்லை.

அவர் கையாண்ட முறையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். தாளை முதலில் மெழுகில் தோய்ப்பார்கள். பின்னர் இரசாயனக் கரைசல்களில் ஊறவைத்து, வெள்ளி உப்பு ஏற்றி, உலர்த்திக் கருவிக்குள் வைப்பார்கள். அப்பொழுது வழக்கிலிருந்த கண்ணாடித் தகடு ஈரம் உலர்வதற்குள் பயன்படுத்தப்பட வேண்டியது. தாளையோ முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம். நெடுவழிப் பயணிக்கு இது பெரும் வசதி. ஆனால் ஒளி பதியப் பல நிமிடங்கள் வேண்டும். நடமாடும் மனிதர்கள் படத்தில் பதியாமல் மறைந்துவிடுவர். ஆகவேதான் டிரைப்பின் மதுரை வீதிகளும் மண்டபங்களும் ஆளரவமின்றித் தோன்றுகின்றன. அதைக் கண்டு அக்காலத்தில் கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன என எண்ணிவிடக் கூடாது. வானமும் வெறுமையாகவே பதியும். அதனால் நெகடிவின்மீது தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை அவரே உண்டாக்குவார். சான்றுக்காக எடுத்த படத்தில் கற்பனை மேகம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கல்லின்மீது அவர் கற்பனையைப் பூசவில்லை.

மதுரையில் திருமலை நாயக்கர் மகால் அன்று சிதைந்து கிடந்தது. பின்னர் நேப்பியர் பிரபு சென்னைக் கவர்னராக வந்தபின்தான் அது செப்பனிடப்பட்டது. அதற்கு முந்தைய கோலத்தை நாம் டிரைப்பின் படங்களில் காண்கிறோம். முற்றுப்பெறாத இராயகோபுரம், தெப்பக்குளம், வைகையின் குறுக்கே அமைந்த பாதை, கோயில் நகைகள் ஆகியவையும் அவர் கருவிக்கு அகப்பட்டன.

தஞ்சையில் அவர் செய்தது இன்னும் அரியது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன அல்லவா? அவற்றின் ஒரு பகுதியை 21 படங்களாக எடுத்து, ஒன்றுடன் ஒன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அவ்வெழுத்துகளைப் படிக்கும் புலமை அவருக்கில்லை. படிக்க வல்லவர் கைக்கு அவை சிதையாமல் போய்ச் சேரவேண்டும் என்பதே அவர் நோக்கம். 1891 முதல் ஹுல்ட்ஸ் அக்கோயிலின் கல்வெட்டுகளைப் பதிப்பித்து வெளியிட்டார். இராஜராஜன் அளித்த பொன்னும் நிலமும் விளக்கும், ஆடல் மகளிரின் பெயர்களும் அவ்வெழுத்துகளின் வழியே உலகுக்குத் தெரியவந்தன. டிரைப் கருவியை நிறுத்தியதற்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

சென்னைக்கு மீண்டபின், வால்டர் எலியட் கொண்டுவந்து வைத்திருந்த அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்தார். மறு ஆண்டே அச்சிற்பங்கள் இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. ஆல்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அந்நிலையில் 1859-இல் புதிய கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். கிளர்ச்சியினால் அரசாங்கக் கருவூலம் வற்றியிருந்த காலம். புகைப்படம் அரசாங்கத்துக்கு ஆகாத ஆடம்பரம் என்று முடிவு செய்து, வேலையை நிறுத்தச் சொன்னார். சிக்கனம் தவறன்று, ஆயினும் எதைச் சுருக்குவது என்பதில் அவர் பிழை செய்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1860-க்குள் டிரைப்பின் பணிக்கூடம் கலைக்கப்பட்டது.

நாற்பது வயது நிரம்பாத அவர் படைப்பணிக்கே திரும்பினார். பின்னொரு முறை பர்மாவில் சில படங்கள் எடுத்ததோடு சரி. ஓய்வு பெற்று டெவன்போர்ட் சென்றபின் கிளிஞ்சல்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். 1902 மார்ச் மாதம், எண்பதை எட்டச் சில வாரங்களே இருக்கையில் காலமானார். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களின் பெரும் காட்சிக்கூடங்கள் அவருடைய படங்களை ஒருங்கே திரட்டிக் காட்சிக்கு வைத்தன. தஞ்சைக் கல்வெட்டின் நீண்ட படமும் அவற்றுள் ஒன்று.