உயரம் தாண்டிய டேவ் ஆல்பிரிட்டன்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு மாணவன்)



ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்றால் நம்மில் எல்லோருக்கும் தெரியும். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கியவர், ஹிட்லரின் கண் முன்னாலேயே ஓடி ஜெயித்தவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். சரி, அந்த ஓவன்ஸோடு கல்லூரி நாட்களில் ஒரே வீட்டில் தங்கி, ஒன்றாகப் பொங்கித் தின்ற ரூம்மேட் யார் தெரியுமா? அவரும் உலக சாதனையாளர்தான். அவரும் அதே பெர்லினில் பதக்கம் வாங்கியவர்தான். பெயர் டேவிட் ஆல்பிரிட்டன். டேவ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய நாட்டில், தடகளம் தெரிந்தவர்கள் நடுவில், பெரிய பெயர். நம்ம ஊர்ப் பக்கம் அந்தப் பெயர் வந்து சேரவே இல்லை.

மலருக்கு ஓவன்ஸைப் பற்றியே எழுதிக் கொடு என்றுதான் நண்பர்கள் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் டேவைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம். பருத்திக் காட்டுச் சீமை. அங்கே டான்வில் என்ற சிற்றூரில் 1913 ஏப்ரல் 13-ல் டேவ் பிறந்தார். அதே வருஷம் செப்டம்பரில் பக்கத்து ஓக்வில்லில் ஓவன்ஸ் பிறந்தார். ஓவன்ஸின் அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர். அந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் பெரும்பாலோர் பிழைப்பு அப்படித்தான். விளைந்ததில் பாதிக்கு மேல் நிலக்காரருக்குப் போய்விடும், மிச்சம் கடனுக்குப் போய்விடும். இந்தக் கணக்கை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்குப் போனார்கள். இந்த இரண்டு பையன்களும் அப்படித்தான் ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் படித்தது ஈஸ்ட் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி. பெயரிலேயே தெரிகிறதே, தொழில் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம். ஒரு வகையில் நம்ம பாலிடெக்னிக்குக்குப் பங்காளி. ஓவன்ஸ் ஓடினார், நீளம் தாண்டினார். டேவ் உயரம் தாண்டினார்.

அப்புறம் இருவரும் கொலம்பஸ் நகரில் உள்ள ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்காக ஓடலாம், தாண்டலாம், கோப்பை வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விடுதியில் தங்க முடியாது. கறுப்பின மாணவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. வெளியே ஒரு வீட்டில் அறை எடுத்து ஓவன்ஸ், டேவ், இன்னொரு உயரம் தாண்டும் வீரர் மெல் வாக்கர் எல்லோரும் சேர்ந்து தங்கினார்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார வைத்துப் பரிமாற மாட்டார்கள். அதனால் சமையலும் இவர்களே. போட்டிக்கு வெளியூர் போனாலும் இதே கதைதான். ஓவன்ஸுக்குப் படிப்பு உதவித்தொகைகூட இல்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்தில் சரக்கு லிஃப்டு இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். இந்த லிஃப்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. முதல் வருஷம் விடுதியில் இடம் கிடைக்கும் முன்னால் அறை தேடி ஒரு வீட்டுக்குப் போனேன். அட்வான்ஸ், வாடகை எல்லாம் பேசி முடிந்தது. கடைசியில் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னேன். அறை வேறு ஒருத்தருக்குச் சொல்லியாச்சு என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி வந்தவன் நான் ஒருத்தன்தான், அப்பாகிட்ட இதைப் போய்ச் சொல்லவா முடியும்? விடுதி நிரம்பிவிட்டது, அறை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சரி, அது கிடக்கட்டும். டேவ் கதைக்கு வருவோம்.

உயரம் தாண்டுதல் பார்க்க எளிதான விளையாட்டு. இரண்டு கம்பம், நடுவில் ஒரு கம்பி. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தொடர்ந்து தட்டிவிட்டால் வெளியே. கம்பி ஏறிக்கொண்டே போகும், ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். ஆனால் எப்படித் தாண்டுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாம் சின்ன வயதிலிருந்து தாண்டுவது கத்தரி முறை. பக்கவாட்டில் ஓடி வந்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, அடுத்த காலை இழுத்துக்கொள்வது. உடம்பு நிமிர்ந்தே இருக்கும். முதல் வருஷ அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த ஈர்ப்பு மையத்தை நினைத்துப் பாருங்கள். நிமிர்ந்த உடம்போடு கம்பியைத் தாண்ட, இடுப்புக்குக் கிட்டே இருக்கும் அந்த மையத்தைக் கம்பிக்கு மேலே ரொம்ப தூரம் தூக்கியாக வேண்டும். அவ்வளவும் வீண் செலவு.

1912-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் ஜார்ஜ் ஹொரைன் பக்கவாட்டில் படுத்த மாதிரி உருண்டு தாண்டி, முதன்முதலாக 2 மீட்டரைத் தொட்டார். டேவ் தாண்டியது அதற்கும் அடுத்த முறை. ஸ்டிராடில் என்பார்கள். கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் காலை ஊன்றி உதைத்து, வெளிக்காலை வீசி மேலே எறிந்து, முகமும் வயிறும் கீழே பார்க்க, கம்பியின் நீளத்துக்கே உடம்பைப் படுக்க வைத்து உருண்டு இறங்குவது. மரத்துக்கிளையில் பல்லி ஊர்ந்து மறுபக்கம் போகிற மாதிரி. உடம்பு கம்பியை ஒட்டியே போவதால் அதே உதைக்குக் கூடுதல் உயரம் கிடைக்கும். இந்த முறையில் தாண்டி உலக சாதனை வைத்த முதல் ஆள் என்று டேவைத்தான் சொல்கிறார்கள். பிறகு 1956-ல் 7 அடியை முதலில் கடந்த சார்லஸ் டூமாஸ், 1963-ல் 2.28 மீட்டர் தாண்டிய ரஷ்யாவின் புரூமெல் எல்லோரும் இந்த ஸ்டிராடில்காரர்கள்தான். முதுகைக் காட்டித் தாண்டும் ஃபாஸ்பரி முறை 1968-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. (அந்த ஃபாஸ்பரி சிவில் இன்ஜினீயரிங் மாணவர் என்பதை நம்ம சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்!) அதற்கு மெத்தை வேண்டும். டேவ் காலத்தில் மெத்தை ஏது? மணலோ மரத்தூளோதான். கையும் காலும்தான் முதலில் தரையைத் தொடும். நம்ம மைதானத்திலும் இன்றைக்கு மணல்தான், ஆகவே அந்த வலி நமக்கும் தெரியும்.

இப்போது 1936-க்கு வருவோம். மூன்று மாதம், மூன்று ஊர்.

ஜூன் மாதம் சிகாகோ. அமெரிக்கக் கல்லூரிகளுக்கெல்லாம் பெரிய போட்டியான என்.சி.ஏ.ஏ. தடகளப் போட்டி. ஓவன்ஸ் அங்கே நான்கு போட்டிகளில் முதலிடம். முந்தின வருஷமும் நான்கு. உயரம் தாண்டுதலில் ஒரே அறைக்காரர்களான டேவும் மெல் வாக்கரும் சமமாகத் தாண்டி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போதெல்லாம் சமமாக வந்தால் பட்டத்தை இப்படிப் பங்கு போட்டுக்கொள்வது அங்கே சாதாரணம். வேடிக்கை என்னவென்றால், இத்தனையும் ஜெயித்தும் அணிக் கோப்பை தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போனது.

ஜூலை 12, நியூயார்க், ராண்டல்ஸ் தீவு. ஒலிம்பிக் அணித் தேர்வு. கம்பி 2.07 மீட்டரில், அதாவது 6 அடி 9 முக்கால் அங்குலத்தில். அதுவரை உலகத்தில் யாரும் தாண்டாத உயரம். நம்ம வகுப்பறைக் கதவு நிலை 7 அடி என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து இரண்டேகால் அங்குலம்தான் குறைவு. கலிஃபோர்னியாவின் கொர்னீலியஸ் ஜான்சன் என்ற கறுப்பின வீரர் முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த டேவுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் இரண்டாவது முயற்சியில் தாண்டினார். ஒரே நாளில், ஒரே கம்பியில், இரண்டு பேர் உலக சாதனை. உயரம் தாண்டுதலில் உலக சாதனை வைத்த முதல் கறுப்பினத்தவர்கள் இவர்கள் இருவரும்தான். மெல் வாக்கருக்கு ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. அதே மெல் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுவீடனில் 2.09 தாண்டி இந்தச் சாதனையை முறித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் மூன்று பேர் தங்கி, மூன்று பேருமே உலக சாதனை வைத்த வீடு வேறு எங்கேயாவது உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, பெர்லின். ஒலிம்பிக் தடகளத்தின் முதல் நாள். ஜான்சன் 2.03 தாண்டித் தங்கம் வாங்கினார். டேவ், இன்னொரு அமெரிக்கர் டிலோஸ் தர்பர், ஃபின்லாந்தின் கொட்காஸ் மூன்று பேரும் 2.00-ல் சமமாக நின்றார்கள். இங்கே பங்கு போடுவது கிடையாது. மறுபடி தாண்ட வைத்தார்கள். டேவுக்கு வெள்ளி, தர்பருக்கு வெண்கலம். மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கே.

ஹிட்லர் அன்று மைதானத்தில்தான் இருந்தார். ஜெயித்த ஜெர்மானியர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும் தன் மாடத்துக்கு அழைத்துக் கை கொடுத்தார். உயரம் தாண்டுதல் பரிசளிப்புக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டார். கை கொடுக்காமல் போன கதையை நாம் எல்லோரும் ஓவன்ஸ் பெயரில்தானே கேட்டிருக்கிறோம்? அன்றைக்கு ஓவன்ஸ் ஒரு பதக்கமும் வாங்கவில்லை. அவருடைய முதல் தங்கம் மறுநாள்தான். அந்த மாலையில் மேடை ஏறக் காத்திருந்தவர்கள் ஜான்சனும் டேவும். பதக்கம் இரண்டாவது என்றால் பரவாயில்லை, பட்ட அவமானம்கூட இன்னொருத்தர் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. இதற்காகத்தான் டேவைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

ஓவன்ஸ் படிப்பை முடிக்காமலே காட்சி ஓட்டங்கள், வியாபாரம் என்று போனார். டேவ் திரும்ப வந்து கல்லூரியில் தொடர்ந்தார். 1937, 1938 இரண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டத்தில் மறுபடி அவர் பெயர். தொடர்ந்து மூன்று ஆண்டு. அடுத்த ஒலிம்பிக் 1940-ல் நடந்திருக்க வேண்டும், உலகப் போர் வந்து அதை விழுங்கிவிட்டது. 1944-ம் அப்படியே போனது. ஒரு தாண்டுகிற ஆளின் நல்ல வயது மொத்தமும் இதில் கரைந்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் விட்டிருப்பார். இவர் விடவில்லை. போர் முடிந்த பிறகும் அமெரிக்க தேசியப் போட்டிகளில் முன்வரிசையில் நின்றார். 1950-லும் தேசியப் பட்டத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. அப்போது அவருக்கு வயது 37! கூடத் தாண்டியவர்கள் அவர் முதல் சாதனை வைத்தபோது அரைக்கால்சட்டைப் பையன்கள். பெர்லினில் தங்கம் வாங்கிய ஜான்சன் அதற்குள் இறந்தே போயிருந்தார். தபால்காரராக இருந்து, பிறகு சரக்குக் கப்பலில் ரொட்டி சுடும் வேலைக்குப் போனவர், 1946-ல் நிமோனியாவில் 32 வயதில் போய்விட்டார்.

டேவ் டேட்டன் நகரில் டன்பார் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் தடகளப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். அந்தப் பள்ளிக்குப் பெயர் கொடுத்த பால் லாரன்ஸ் டன்பார் ஒரு கறுப்பினக் கவிஞர். டேட்டன்காரர். விமானம் கண்டுபிடித்த ஆர்வில் ரைட்டும் இவரும் பள்ளித் தோழர்கள். பள்ளிப் படிப்பை முடித்த டன்பாருக்கு அந்த ஊரில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? ஒரு கட்டிடத்தில் லிஃப்டு இயக்குவது. படித்த கறுப்பினப் பையனுக்கு லிஃப்டைத் தவிர வேறு எதையும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள் போல!

1960-ல் டேவ் ஒகையோ மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு நடந்த தேர்தலில் நின்று ஜெயித்தார். அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் ஒரு குழுவுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். சபை கூடுவது கொலம்பஸ் நகரின் அந்தச் சட்டமன்றக் கட்டிடத்தில்தான். மாணவனாக இருந்தபோது ஓவன்ஸ் சரக்கு லிஃப்டு இயக்கிய அதே கட்டிடம். தங்க விடுதி தராத பல்கலைக்கழகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. முதல் நாள் உறுப்பினராக உள்ளே போனபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

1980-ல் ஓவன்ஸ் காலமானார். அதே ஆண்டு அமெரிக்கத் தடகளப் புகழ் மன்றத்தில் டேவின் பெயரைச் சேர்த்தார்கள். 1994 மே மாதம், 81 வயதில், டேவும் மறைந்தார். அதற்குள் 2.07 எங்கேயோ கீழே போய்விட்டது. அதற்கு முந்தின ஆண்டுதான் கியூபாவின் ஹாவியர் சோட்டமாயர் 2.45 தாண்டியிருந்தார்.