இசையமைப்பாளர் லூயிஸ் ஃபராங்க்

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் 1804ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் லூயிஸ் பிறந்தார். அவருடையது சிற்பிகளின் குடும்பம். தந்தை சிற்பி, அண்ணனும் பின்னாளில் புகழ்பெற்ற சிற்பியானார். லூயிஸ் மட்டும் பியானோவை நாடினார்.

பதினைந்தாவது வயதில் அவர் இசையமைக்கக் கற்கத் தொடங்கினார். பாரிஸ் இசைக் கல்லூரிப் பேராசிரியர் ரெய்க்கா அவருக்குத் தனியாகக் கற்பித்தார். அக்காலத்தில் அக்கல்லூரியின் இசையமைப்பு வகுப்பில் பெண்களைச் சேர்ப்பதில்லை.

1821ஆம் ஆண்டில் லூயிஸ், அரிஸ்டீட் ஃபராங்க் என்ற புல்லாங்குழல் கலைஞரை மணந்தார். அரிஸ்டீட் இசைநூல் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி, மனைவியின் படைப்புகளையும் அச்சிட்டார்.

இசையமைப்பு வகுப்பில் சேர முடியாத கல்லூரியிலேயே 1842ஆம் ஆண்டில் லூயிஸ் பியானோ பேராசிரியர் ஆனார். ஆயினும், அதே பணியைச் செய்த ஆண் பேராசிரியரைவிட அவருக்குக் குறைவான ஊதியமே கிடைத்தது.

பாரிஸ் மக்கள் அப்போது இசை நாடகங்களையே பெரிதும் விரும்பினர். லூயிசோ மூன்று சிம்பனிகளை எழுதினார். பெரிய இசைக்குழு இல்லாமல் சிம்பனியை அரங்கேற்ற இயலாது. அவருடைய மூன்றாவது சிம்பனி 1849ஆம் ஆண்டில் அரங்கேறியது.

மறு ஆண்டில், ஒன்பது கருவிகளுக்காக அவர் எழுதிய படைப்பு அரங்கேறியது. வயலின், செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட் முதலியவை அதில் ஒன்றோடொன்று உரையாடுவதுபோல் ஒலிக்கும். அன்று வயலின் வாசித்தவர் பதினெட்டு வயது இளைஞர் யோவாகிம். பிற்காலத்தில் ஐரோப்பாவே போற்றிய கலைஞர் அவர். நிகழ்ச்சி பெரும் வெற்றி பெற்றது.

இதுவே தக்க தருணம் என லூயிஸ் எண்ணினார் போலும். சம ஊதியம் வேண்டும் எனக் கல்லூரி இயக்குநருக்கு அவ்வாண்டே கடிதம் எழுதினார். கல்லூரி அதனை ஏற்றுக்கொண்டது. எட்டு ஆண்டுக் குறை அத்துடன் நீங்கியது.

அவருடைய ஒரே மகள் விக்டோரின் சிறந்த பியானோ கலைஞர், தாயிடமே பயின்றவர். நோயுற்ற அவர் 1859ஆம் ஆண்டில் இறந்தார். அதன்பின் லூயிஸ் இசையமைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

ஆனால், அவர் சும்மா இருக்கவில்லை. கணவரோடு சேர்ந்து பழைய பியானோ இசையைத் தேடித் திரட்டிப் பதிப்பிக்கத் தொடங்கினார். 1865இல் கணவரும் மறைந்தார். லூயிஸ் தனியாகவே அப்பணியைத் தொடர்ந்தார். இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்தன. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற அவர், 1875ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காலமானார்.

அவருடைய சிம்பனிகள் அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக மறக்கப்பட்டிருந்த அவற்றை இன்று பல நாடுகளின் இசைக்குழுக்கள் வாசித்து வருகின்றன.