பொறியைப் பிரித்துப் படித்தவர்

நுழையும் முன்

மாணவர்களே! பாரபுல்லா மேம்பாலத்தின்மீது நாள் முழுவதும் வண்டிகள் விரைவதைக் காண்கிறீர்கள். பள்ளிக்குப் பேருந்தில் வருகிறீர்கள். உங்கள் உறவினருள் சிலர் வண்டி ஓட்டுநராகவும் பழுது நீக்குநராகவும் இருக்கலாம். வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அது எவ்வாறு ஓடுகிறது என்று கேட்போர் சிலர். அப்படிக் கேட்ட ஒரு தமிழ்ச் சிறுவன் பிற்காலத்தில் இந்தியாவின் எடிசன் என்று போற்றப்பட்டார். அவர்தாம் ஜி.டி. நாயுடு.

இளமை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. தொடக்க வகுப்புகளைத் தாண்டாமலே பள்ளியை விட்டு நீங்கினார். தந்தையின் வயலில் வேலை செய்தார்.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடியது. அந்த வியப்பு இளைஞர் துரைசாமியை விடவில்லை. அத்தகைய வண்டியொன்றைத் தாமும் பெற வேண்டும் என்று உறுதி பூண்டார். கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பணியாளராகச் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சில ஆண்டுகளுக்குப் பின் 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

பிறர் வண்டி வாங்கினால் ஊரைச் சுற்றி வருவர். இவரோ அதனைப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். நான்கு வீச்சுப் பொறியின் உருளைக்குள் நிகழ்வது இதுதான்: காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே இழுக்கப்படும், உந்துதண்டு மேலேறி அக்கலவையை அமுக்கும், மின்பொறி பட்டதும் கலவை எரிந்து உந்துதண்டைக் கீழே தள்ளும், எரிந்த புகை வெளியேறும். ஒரு தீப்பொறி எவ்வாறு சக்கரத்தைச் சுழற்றும் வலிமையாக மாறுகிறது என்பதை அவருக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. எண்ணெய் படிந்த கைகளே கற்பித்தன. பிரிப்பது எளிது, பிரித்தவற்றை மாறாமல் பூட்டி மீண்டும் ஓட வைப்பதே அறிவு. அந்த மோட்டார் சைக்கிளே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

ஓட்டுநர் முதலாளி ஆனார்

பின்னர்ப் பருத்தித் தொழிலில் இறங்கினார். ஈட்டிய பொருளை மும்பையில் இழந்தார். ஆயினும் மனம் தளரவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியுடன் 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அது ஓடியது. அதனை ஓட்டியவரும் அவரே.

தாமே ஓட்டியதால், வண்டி எங்கே திணறுகிறது, எந்த உறுப்பு விரைவில் தேய்கிறது என்பனவற்றை நேரில் உணர்ந்தார். ஓட்டத் தெரிந்தவருக்கு வண்டியின் போக்குத் தெரியும்; பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அதன் உள்ளம் தெரியும். இரண்டும் அவரிடம் இருந்தன. ஒற்றைப் பேருந்தாகத் தொடங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சில ஆண்டுகளிலேயே நாட்டின் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

புதியன படைத்தல்

பொறிகளின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி எனப் பலவற்றை அவர் உருவாக்கினார். 1937ஆம் ஆண்டு, பாலசுந்தரம் என்பாருடன் இணைந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டினார். கிணற்று நீரை இறைக்கும் மோட்டார்களுக்குக் கோயம்புத்தூர் பின்னாளில் பெயர் பெற்றதற்கு இத்தகைய முயற்சிகளே அடித்தளம்.

இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து

மகிழுந்து செல்வர்க்கு மட்டும் உரிய பொருளாக இருந்த காலம் அது. நடுத்தரக் குடும்பத்தினரும் வாங்கத்தக்க எளிய வண்டி வேண்டும் என்று நாயுடு கருதினார். 1952ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்தை வடிவமைத்தார். அதன் விலை ஏறத்தாழ 2,000 ரூபாய்.

ஆனால் அக்காலத்தில் பெருந்தொழில் தொடங்க அரசின் உரிமம் வேண்டும். அது கிடைக்கவில்லை. ஆதலால் அந்த வண்டி சாலைகளில் பெருக வழியில்லாமல் போயிற்று. வடிவம் இருந்தது, திறமை இருந்தது, வாங்குவோரும் இருந்திருப்பர். இசைவு ஒன்றே இல்லை. தில்லிக்கு அருகிலுள்ள குர்கானிலிருந்து சிறிய மாருதி மகிழுந்து 1983ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அதனை வாங்க மக்கள் பதிவு செய்து காத்திருந்தனர். எளிய வண்டிக்கு நாட்டில் எத்தனை தேவை இருந்தது என்பது அப்போது விளங்கிற்று. நாயுடு அத்தேவையை 31 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

கல்வியைப் பற்றிய கருத்து

கல்லூரியின் படி ஏறாத அவர், 1945ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றக் காரணமானார். அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலை நான்கு ஆண்டுகள் கற்பிப்பது காலத்தை வீணாக்குவது என்பதும், பட்டறையில் கைப்பயிற்சியோடு கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பதும் அவர் கொள்கை. அரசு இதனை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அவர் கூறிய கால அளவு சரியா என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். கைத்தொழில் அறிவும் அறிவே என்ற அவருடைய எண்ணத்தை மறுப்பார் இல்லை. சான்றிதழ் இல்லாத பழுது நீக்குநரும் ஒரு பொறியின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவதை நாம் காண்கிறோம் அன்றோ?

புகழ்

நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் இயற்கை எய்தினார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரால் தொழிற் கண்காட்சியும், பழைய மகிழுந்துகளைக் காட்டும் அருங்காட்சியகமும் உள்ளன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவற்றைக் கண்டு வாருங்கள்.

அவர் விதைத்த வண்டி ஆர்வம் அந்நகரில் இன்றும் தழைக்கிறது. அந்நகரை அடுத்த செட்டிபாளையத்தில் பந்தயத்தடம் ஒன்று இருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்நகரைச் சேர்ந்தவரே. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 2011ஆம் ஆண்டு முதன்முதலாக இந்திய ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றபோது, அத்தடத்தில் அவரும் வண்டி ஓட்டினார்.

மாணவர்களே! ஒரு பொருளைக் கண்டால் அதன் விலையை மட்டும் கேளாதீர்கள். அது இயங்கும் வகையையும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பணம் வேண்டா. ஆர்வம் ஒன்றே போதும்.

சொற்பொருள்

நாட்டம் – விருப்பம்
உந்துதண்டு – பிஸ்டன்
இசைவு – ஒப்புதல்
தழைக்கிறது – செழித்து வளர்கிறது

பயிற்சி

1. நாயுடு மோட்டார் சைக்கிளை வாங்குவதற்காக என்ன செய்தார்?
2. நான்கு வீச்சுப் பொறி இயங்கும் முறையை வரிசையாக எழுதுக.
3. இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து ஏன் பெருகவில்லை?
4. பொறியியல் கல்வி பற்றிய நாயுடுவின் கருத்து உமக்கு உடன்பாடா? காரணம் தருக.
5. உம் வீட்டினரோ அண்டை வீட்டினரோ அறிந்த கைத்தொழில் ஒன்றைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.