பரீட்சையில் தேறியும் இடம் கிடைக்காத டாக்டர்

வைட்டிலா சந்திப்பிலிருந்து ஆலப்புழை பக்கம் பஸ் ஏறும் நம்மவர்கள், வழிநெடுக ஸ்ரீ நாராயண குருவின் சிலைகளையும் மஞ்சள் கொடிகளையும் பார்த்திருப்பார்கள். குருவின் பெயரால் நடக்கும் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர், நம் சென்னையில் படித்த ஒரு டாக்டர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் டாக்டர் பத்மநாபன் பல்ப்பு.

திருவனந்தபுரம் பேட்டையில் 1863 நவம்பர் 2ஆம் தேதி ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஈழவர்களுக்குக் கோயிலுக்குள் இடமில்லை. சர்க்கார் உத்தியோகமும் எட்டாக்கனி. ஆங்கிலம் கற்று மெட்ரிகுலேஷன் தேறிய பல்ப்பு, மருத்துவப் படிப்புக்குச் சமஸ்தானம் நடத்திய தேர்வுப் பரீட்சையை 1884ல் எழுதினார். நான்காவதாகத் தேறினார். ஆனால் ஜாதி குறுக்கே நின்றது. இடம் மறுக்கப்பட்டது.

பல்ப்பு முடங்கிவிடவில்லை. சென்னைக்குப் புறப்பட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் படித்து எல்.எம்.எஸ். பட்டம் பெற்றார். வைத்தியமும் அறுவைச் சிகிச்சையும் செய்ய அனுமதி அளிக்கும் பட்டம் அது. அந்த அனுமதி கையில் இருந்தும், பிறந்த மண்ணில் அவருக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை.

மைசூர் சமஸ்தானம் அவரை ஏற்றது. பெங்களூரில் அம்மைத் தடுப்பு மருந்துப் பணியில் ஈடுபட்டார். 1898ல் அந்நகரைப் பிளேக் தாக்கியபோது, பலரும் ஊரைவிட்டு ஓடினார்கள். பல்ப்பு நோயாளிகளின் முகாமில் நின்று தொண்டாற்றினார். பின்னர் இங்கிலாந்து சென்று மேற்படிப்பும் முடித்தார்.

உயர்ந்த பதவி கிடைத்தபின் பழைய அவமானத்தை மறந்து அவர் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் தமக்கு அடைக்கப்பட்ட கதவு அடுத்த தலைமுறைக்காவது திறக்க வேண்டும் என்று நினைத்தார். பள்ளிகளிலும் சர்க்கார் வேலையிலும் ஈழவர்களுக்கு இடம் கேட்டு, 1896ல் 13,176 பேர் கையெழுத்திட்ட மனுவை மகாராஜாவுக்கு அளிக்கச் செய்தார். மனு பலிக்கவில்லை. மனு மட்டும் போதாது, மக்கள் ஒன்றுசேர வேண்டும் என்று உணர்ந்தார். 1903ல் நாராயண குருவைத் தலைவராகவும் கவிஞர் குமாரன் ஆசானைச் செயலாளராகவும் கொண்டு யோகம் பிறந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் பின்னர் அதன் வழியே பெருகின.

1936ல் திருவிதாங்கூரில் கோயில் கதவுகள் இந்துக்கள் எல்லோருக்கும் திறந்தன. பல்ப்பு அதைக் கண்ணாரக் கண்டார். 1950 ஜனவரி 25ஆம் தேதி காலமானார். மறு ஆண்டு, 1951ல், திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் பிள்ளைகள், உரிமத் தேர்வில் தேறிய பிறகே ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகச் சேர முடியும். இரவு பகலாகப் படிக்கிறார்கள். கடினமான தேர்வுதான். ஆனால் தேறியவரிடம் ஜாதியைக் காட்டிக் கதவைச் சாத்தச் சட்டம் இன்று அனுமதிப்பதில்லை. அந்த மாற்றத்துக்காக உழைத்தவர்களில் பல்ப்புவும் ஒருவர். நம் வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும்போது, அவரையும் ஒரு கணம் நினைப்பது நன்று.